தர்மபுரி, கிருஷ்ணகிரியில் புதிய ரிவால்வர் வாங்க முழுமையான வழிகாட்டி: முகவரியில் தொடங்கித் தோட்டாக் கணக்கு வரை

கடைசியாக என்னிடம் வழி கேட்டு வந்தவர் போச்சம்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக்காரர். கைப்பேசியைத் திறந்து ஒரு ரிவால்வரின் படத்தைக் காட்டினார். “அண்ணா, இதற்கு ஒருவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டேன். லைசென்ஸ் எத்தனை நாளில் கிடைக்கும்?” என்றார். உரிமத்துக்கு அவர் இன்னும் விண்ணப்பமே போடவில்லை.

இதே தவறைப் பலரிடம் பார்த்துவிட்டேன். துப்பாக்கியின் மீது ஆசை வந்ததும் எந்த மாடல், என்ன எடை, என்ன விலை என்று தொடங்கிவிடுகிறார்கள். நம் இரண்டு மாவட்டங்களில் அந்தக் கேள்விகள் ஆறாவது படியில்தான் வருகின்றன. முதல் ஐந்து படிகளைத் தவிர்த்துவிட்டுப் போனவர்கள் பணத்தை இழந்தார்கள், இல்லையென்றால் காவல் நிலைய வாசலில் நின்றார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் படியுங்கள்.

1. முதலில் வரைபடத்தில் உங்கள் வீட்டைக் குறியுங்கள்

சென்னைக்காரருக்கோ மதுரைக்காரருக்கோ பெரும்பாலும் தேவைப்படாத படி இது. நமக்கு இதுதான் முதல் படி. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, காவிரி தெற்கு 2022-இல். இரண்டும் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில்தான் இருக்கின்றன.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 34-ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்கிறது. அஞ்செட்டி, உரிகம், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இதை மறந்துவிட்டு, “பக்கத்து ஊர்க்காரனுக்குக் கிடைத்தது, எனக்கு மட்டும் ஏன் தாமதம்?” என்று குமுறுகிறார்கள். பக்கத்து ஊர் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்கு வெளியே இருந்திருக்கும்.

உங்கள் வீடு இந்த வட்டத்துக்குள் வருகிறதா என்று சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். உள்ளே வருகிறது என்றால் விண்ணப்பத்தின் காத்திருப்புக் காலத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு யாரிடமும் முன்பணம் கொடுக்காமல் இருக்க இந்த ஒரு விவரமே போதும்.

2. காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்

ஆயுதச் சட்டம் 1959 எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பயிர்ப் பாதுகாப்புக்குக் குழலின் வாய் வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழவழப்பான குழல் துப்பாக்கி ஆகியவற்றுக்கு 13-ஆம் பிரிவு ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. ரிவால்வர் அதில் வராது. அதற்கு நியாயமான காரணம் உண்டு என்று உரிமம் வழங்கும் அதிகாரி மனநிறைவு அடைய வேண்டும்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 12-ஆவது விதி யாருடைய விண்ணப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று சொல்கிறது. தொழிலின் தன்மையாலோ வேறு வகையிலோ உயிருக்கும் உடைமைக்கும் உண்மையான பாதுகாப்புத் தேவை உள்ளவர்கள் ஒரு வகை. உரிமம் பெற்ற துப்பாக்கி சுடும் சங்கத்தில் இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து செயல்படும் விளையாட்டு வீரர்கள் இன்னொரு வகை. படை, மத்திய ஆயுதக் காவல் படை, மாநிலக் காவல்துறை ஆகியவற்றில் பணிபுரிபவர்களும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் மூன்றாவது வகை. இவர்களும் பாதுகாப்புத் தேவையைக் காட்ட வேண்டும்.

ஆர்வலருக்கு நான் எப்போதும் சொல்வது இரண்டாவது வழி. “எனக்குத் துப்பாக்கி பிடிக்கும்” என்பது காரணமாகாது. ஆனால் இரண்டு ஆண்டு சங்க உறுப்பினராக இருந்து, வருகைப் பதிவேடும் போட்டிச் சான்றுகளும் கையில் இருந்தால் அது வலுவான காரணம். அந்த இரண்டு ஆண்டுகளும் வீணாகாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் விசையை அலுங்காமல் அழுத்தக் கற்ற விரல் ரிவால்வரிலும் அதையே செய்யும். 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல் விட்டம், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்ற அளவுக்குள் உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமமும் தேவையில்லை.

குவாரி, நகைக்கடை, பெரும் பணப் பட்டுவாடா என்று தொழில்ரீதியாக ஆபத்து உள்ளவர்கள் அதற்கான ஆதாரத்தைத் தேதியோடு சேர்த்து வையுங்கள்: காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது, முதல் தகவல் அறிக்கை, வங்கியில் பணம் எடுத்த கணக்கு. “எனக்கு எதிரிகள் இருக்கிறார்கள்” என்று மொட்டையாக எழுதிய விண்ணப்பம் விசாரணைக்கு வரும் காவலருக்கு எந்தப் பிடியும் தராது.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். வீட்டில் குடிப்பழக்கமோ, அடிக்கடி கை ஓங்கும் சண்டையோ, மனச்சோர்வில் இருக்கும் ஒருவரோ இருந்தால், காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வாங்காதீர்கள். சங்கத்துத் துப்பாக்கியைச் சங்கத்திலேயே சுட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள். ஆர்வம் அதிலும் நிறைவேறும்.

3. விண்ணப்பத்துக்கு முன்பே பயிற்சி, மருத்துவச் சான்று, இரும்புப் பெட்டி

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்கு ஆள் தேடுபவர்கள்தான் அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள். ஆயுதங்களைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை முடித்ததற்கான எஸ்-1 சான்றும், உடல்நலமும் மனநலமும் குறித்த எஸ்-3 மருத்துவச் சான்றும் முதலிலேயே கையில் இருந்தால் கோப்பு “குறைபாடு” என்று திரும்பாது.

பயிற்சியை ஒரு காகிதத்துக்கான சடங்காக எண்ண வேண்டாம். பலருக்கு நிஜமான ரிவால்வரைக் கையில் எடுக்கும் முதல் வாய்ப்பு அதுதான். விசையின் கனம், கைப்பிடியின் தடிமன், வெடியின் உதைப்பு எல்லாம் அங்கே தெரியும். ஆறாவது படியில் எதைத் தேர்வு செய்வது என்பதற்குப் பாதி விடை இங்கே கிடைத்துவிடும்.

பெட்டியையும் இப்போதே வாங்குங்கள். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி, துப்பாக்கிக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு வேறு பூட்டு. விசாரணைக்கு வருபவர் “எங்கே வைப்பீர்கள்?” என்று கேட்கும்போது கையைக் காட்ட ஒரு பெட்டி இருக்க வேண்டும். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைப்பதாகச் சொன்ன ஒருவரின் அறிக்கையில் அந்த வரியை அப்படியே எழுதிவிட்டார்கள்.

4. விண்ணப்பம்

தனிநபருக்கான படிவம் ஏ-1. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வயதுச் சான்று, வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள், மேலே சொன்ன இரண்டு சான்றுகள், காரணத்துக்கான ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எண் போட்டு அடுக்குங்கள். உங்கள் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில்தான் இது நடக்கிறது. பழைய நினைவில் ஓசூர்க்காரர் யாரும் தர்மபுரிக்கு அலைய வேண்டாம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதிலிருந்து கோப்புகளும் தனித்தனி.

பெயரும் முகவரியும் எல்லாத் தாளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் “பாலக்கோடு”, பட்டாவில் வேறு குக்கிராமத்தின் பெயர் என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் உங்கள் பெயரில் தனி அடையாள எண் பதியப்படும். அதில் ஏறிவிட்ட பிழையைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பிறகு வருவாய்த் துறையும் காவல்துறையும் விசாரிக்கும். வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் மறைக்காதீர்கள். வரப்புத் தகராறில் போட்ட சிறிய வழக்கு என்றாலும் காவல் நிலையப் பதிவேட்டில் இருக்கும். நீங்களே எழுதினால் அது ஒரு விவரம். அவர்கள் கண்டுபிடித்தால் அது பொய்த்தகவல்.

சொத்து குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஏக்கர் கணக்கைக் காட்டினால்தான் கிடைக்கும் என்று சொல்லி இடைத்தரகர்கள் பணம் பிடுங்குகிறார்கள். நம்பாதீர்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள்தான் அடிப்படை.

5. உரிமம் கையில் வந்ததும் கடைக்கு ஓடாதீர்கள், வாசியுங்கள்

நான்கு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள்.

ஆயுத வகை. “ரிவால்வர்” என்று எழுதியிருக்கிறதா, “பிஸ்டல்” என்றா, இரண்டுமா? குழல் விட்டம் குறிக்கப்பட்டிருக்கிறதா? கடையில் பிஸ்டல் பிடித்துப்போய், உரிமத்தில் ரிவால்வர் மட்டும் இருந்ததால் திரும்பி வந்தவர் உண்டு.

செல்லுபடியாகும் பகுதி. மாவட்டமா, தமிழ்நாடு முழுவதுமா, இந்தியா முழுவதுமா? ஓசூர்க்காரர்களுக்கு இதுதான் பொறி. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே கடைகள் அதிகம், தேர்வும் அதிகம். ஆனால் உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், அத்திப்பள்ளியைத் தாண்டி வரும் வரை உங்கள் பையில் இருப்பது உரிமம் செல்லாத இடத்தில் வைத்திருக்கும் ஆயுதம். வெளி மாநிலத்தில்தான் வாங்க வேண்டும் என்றால் அதற்கான அனுமதியைக் கலெக்டர் அலுவலகத்தில் முன்னதாக எழுதி வாங்குங்கள்.

வாங்குவதற்கான கெடு. குறிப்பிட்ட தேதிக்குள் வாங்கவில்லை என்றால் நீட்டிப்புக் கேட்க வேண்டும். தொழிற்சாலையில் முன்பதிவு செய்து காத்திருப்பவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

தோட்டா எண்ணிக்கை. ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்ற இரண்டு எண்கள் இருக்கும். பயிற்சிக்காக வாங்குபவர் இந்த எண்ணிக்கை போதுமா என்று இப்போதே யோசியுங்கள்.

2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. ஏற்கெனவே தாத்தா காலத்து இரட்டைக் குழல் உங்கள் பெயரில் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

6. இப்போது ரிவால்வர்

தேர்வைத் தோட்டாவில் தொடங்குங்கள், துப்பாக்கியில் தொடங்காதீர்கள். .38, .455 (இவை அங்குலத்தில் குழல் விட்டம்), 9 மில்லிமீட்டர் போன்ற படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் அளவுகள் தடை செய்யப்பட்ட பிரிவில் வருகின்றன. மாவட்ட அளவில் கிடைக்கும் உரிமத்துக்கு அவை பொருந்தாது. அதனால்தான் இந்தியாவில் ரிவால்வர் என்றாலே பெரும்பாலும் .32. இந்தத் தோட்டாவின் கூடு, அதாவது மருந்து நிரப்பிய உலோக உறை, 23 மில்லிமீட்டர் நீளம். .32 பிஸ்டல் தோட்டா வேறு. அதன் கூடு 17 மில்லிமீட்டர், உள்ளழுத்தம் அதிகம். சில ரிவால்வர் அறைகளில் அது நுழைந்துவிடும் என்பதே ஆபத்து. பெட்டியின் மேல் “ரிவால்வர்” என்று இருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் கான்பூரிலிருந்து வருகின்றன. அங்குள்ள ஆயுதத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் முதல் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன.

பழகிய .32 ரிவால்வர் மேலே தாழ்ப்பாளைத் தள்ளிக் குழலை முன்பக்கம் மடக்கித் திறக்கும் வகை. திறந்ததும் நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு மேலெழுந்து ஆறு கூடுகளையும் ஒன்றாகத் தூக்கிவிடும். மூன்று அங்குலக் குழல். உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் வெப்லி பெயரில் செய்யப்படும் .32-உம் இதே குடும்பம். 2014-இல் வந்த நிர்பீக் என்ற மாடல் டைட்டானியம் கலவையால் ஆனது, ஏறக்குறைய 500 கிராம். 2023 ஆகஸ்ட் 18-இல் வெளியான பிரபல் வேறு வகை. அதில் தோட்டாக்கள் அமரும் ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே சாயும். தோட்டா இல்லாமல் எடை 700 கிராம், குழல் 76 மில்லிமீட்டர்.

எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: மாதத்துக்கு எத்தனை தோட்டா சுடுவீர்கள்? லேசான ரிவால்வரை இடுப்பில் சுமப்பது சுகம், சுடுவது சிரமம். எடை குறைந்தால் உதைப்பு அதிகம் தெரியும், குழல் முனையில் குறிபார்க்க உள்ள முன்குறி அதிகம் ஆடும். ஆர்வலர் சங்கத்தின் சுடும் களத்தில் அடிக்கடி சுடப் போகிறார் என்றால் 700 கிராம் அவருக்கு நண்பன். நிர்பீக்கை ஆசையோடு வாங்கி இரண்டாவது பெட்டித் தோட்டாவைப் பிரிக்காமலே வைத்திருக்கும் ஒருவரை அறிவேன்.

மடக்கும் வகையா, பக்கவாட்டு வகையா என்பதில் என் சாய்வு பக்கவாட்டு வகைக்கு. காரணம் தாழ்ப்பாள். மடக்கும் வகையில் துப்பாக்கியின் மேற்பகுதி முழுவதையும் அந்த ஒரு தாழ்ப்பாள்தான் பிடித்து நிற்கிறது. அது தேய்ந்தால் குழலும் சிலிண்டரும் நேர்கோட்டில் நிற்காது. ஆனால் மடக்கும் வகையில் எல்லாக் கூடுகளும் ஒரே அசைவில் வெளியே வந்துவிடுவதால், காலியாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது எளிது. புதியவருக்கு அது சிறிய சலுகையல்ல. இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள். உங்கள் கை வேறு தீர்ப்புச் சொன்னால் அதையே கேளுங்கள்.

போட்டிக்காகத்தான் என்றால் இந்தக் குட்டைக் குழல் ரிவால்வர் எதையும் வாங்க வேண்டாம். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் குழல் 153 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், விசையின் கனம் குறைந்தது 1,000 கிராம் இருக்க வேண்டும். அங்கே திருத்தக்கூடிய குறிகளும் நீண்ட குழலும் கொண்டவர்களோடு மூன்று அங்குலக் குழலால் ஈடுகொடுக்க முடியாது.

வெளிநாட்டு ரிவால்வர் பற்றியும் ஒரு சொல். சாதாரண உரிமதாரர் இறக்குமதி செய்ய முடியாது. சந்தையில் இருப்பவை கை மாறி வரும் பழைய துப்பாக்கிகள். பெயருக்காக விலை பல மடங்கு. தனிநபர் ஒருவரிடமிருந்து வாங்கினால், விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. “நாளைக்கே எடுத்துக்கொள்” என்பவரிடம் எதையும் எடுக்காதீர்கள். உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

7. பணக் கணக்கு

பட்டியல் விலையைப் பார்த்துப் பணம் சேர்ப்பவர்கள் பில்லைப் பார்த்துத் திகைக்கிறார்கள். ரிவால்வர், பிஸ்டல் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். வரிக்கு முன் ஒரு லட்சம் என்றால் கையிலிருந்து போவது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதோடு பெட்டி, உறை, சுத்தம் செய்யும் கம்பி, எண்ணெய், முதல் ஆண்டுத் தோட்டா, சங்கக் கட்டணம் எல்லாம் சேரும். தோட்டாவுக்குப் பணம் மிச்சம் இல்லாத அளவுக்குத் துப்பாக்கியில் போட்டுவிடாதீர்கள். சுடாத ரிவால்வரால் கை பழகாது.

தொழிற்சாலையில் நேரடியாக முன்பதிவு செய்வதா, உள்ளூர் டீலரிடம் வாங்குவதா? தொழிற்சாலை என்றால் என்னென்ன ஆவணங்கள் வேண்டும், எடுத்துவர எந்த அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். டீலர் என்றால் விலை கொஞ்சம் கூடும். ஆனால் நான்கைந்து துப்பாக்கிகளை வைத்துப் பார்த்து ஒன்றைப் பொறுக்க முடியும். அந்த வாய்ப்புக்காகவே நான் டீலரிடம் போகச் சொல்வேன்.

8. கடை மேசையில் கால் மணி நேரம்

புதியதுதானே என்று பெட்டியோடு வாங்கி வராதீர்கள். பிறகு உரிமம் பெற்று என்னோடு கடைக்கு வந்த மாந்தோப்புக்காரருக்கு முதலில் காட்டிய ரிவால்வரில் ஐந்து அறைகள் சரியாகப் பூட்டின, ஆறாவது பூட்டவில்லை. வெளியே பார்த்தால் அச்சு வார்த்த மாதிரி பளபளப்பு.

முதலில் டீலரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலால் ஆறு அறைகளையும் தொட்டுப் பாருங்கள். அவர் காட்டினார் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். குழல் முனை எப்போதும் ஆள் இல்லாத சுவரைப் பார்த்தே இருக்கட்டும்.

அனுமதி கேட்டு, கட்டைவிரலால் குதிரையை, அதாவது தோட்டாவை அடிக்க வைக்கும் சுத்தியலை, மிக மெதுவாகப் பின்னே இழுங்கள். சிலிண்டர் சுழலும். குதிரை முழுதாகப் பிடிபடும் நேரத்துக்குள் சிலிண்டர் ‘டிக்’ என்று பூட்டியிருக்க வேண்டும். பிறகு குதிரையைக் கட்டைவிரலால் தாங்கி மெல்ல இறக்குங்கள். இதை ஆறு முறை செய்யுங்கள். ஒவ்வொரு அறைக்கும் தனிப் பள்ளம் உண்டு, ஒன்று சரியாக இருப்பது மற்றதற்குச் சான்றாகாது. அந்த ஆறாவது அறையில் குதிரை நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் இன்னும் ஒரு நூலளவு தள்ள முடிந்தது. அப்போதுதான் ‘டிக்’ வந்தது. அப்படிப் பூட்டாத அறையிலிருந்து கிளம்பும் குண்டு குழலின் விளிம்பில் உரசும். ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் கண் போகும்.

அடுத்து சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி. பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய கோடாக, ஆறு அறைகளுக்கும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒட்டியும் இருந்தால் வேண்டாம். இந்த இடைவெளி வழியாகத்தான் சுடும்போது சூடான வாயு பீறிடும். சுடும் கையானாலும் தாங்கும் கையானாலும் விரல் அதன் பக்கத்தில் வரவே கூடாது.

மடக்கும் வகை என்றால் மூடிய பிறகு குழலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தாழ்ப்பாள் அருகே ஆட்டம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். பக்கவாட்டு வகை என்றால் சிலிண்டர் வெளியே சாய்வதும் உள்ளே அமர்வதும் வழுவழுப்பாக இருக்க வேண்டும். தட்டி மூட வேண்டிய நிலை கூடாது.

திறந்த நிலையில் குழலின் பின்பக்கம் தாளை வைத்து முன்பக்கமிருந்து பாருங்கள். குழலுக்குள் சுருளாக வெட்டிய உள்வரிகள் தெளிவாக, புள்ளியும் கீறலும் இல்லாமல் ஓட வேண்டும். முன்குறி சாய்ந்திருக்கிறதா என்று பின்குறி வழியே பாருங்கள். சாய்ந்த முன்குறி வீட்டுக்கு வந்த பிறகு சரியாவதில்லை.

கடைசியாகக் கை. கைப்பிடியைப் பிடித்தபடி விசையில் ஆள்காட்டி விரலின் முதல் கண்ணுப் பகுதி வசதியாக விழுகிறதா? குதிரையை இழுக்காமல் விசையை மட்டும் முழுதாக அழுத்தும்போது முன்குறி கீழே விழுகிறதா? விழுந்தால் அந்தக் கைப்பிடி உங்களுக்குப் பெரியது, இல்லை அந்த விசை உங்களுக்குக் கனம். இந்தச் சோதனைக்கு மருந்தில்லாத போலித் தோட்டா வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வெறும் அறையில் திரும்பத் திரும்ப அடித்தால் ஊசி தேயும்.

நாங்கள் அன்று மூன்றாவதாக எடுத்ததுதான் எல்லாவற்றிலும் சரியாக நின்றது. டீலர் முகம் சுளிக்கவில்லை. சுளிக்கும் டீலர் என்றால் கடையை மாற்றுங்கள்.

9. பில், எண், வீட்டுக்கு வரும் வழி

துப்பாக்கியில் பொறித்த எண், பில்லில் உள்ள எண், உரிமத்தில் டீலர் எழுதும் எண் மூன்றையும் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். 3-உம் 8-உம் மாறிப்போன ஒரு பில்லைத் திருத்த மாதக்கணக்கில் அலைந்தவரை நான் பார்த்திருக்கிறேன். கடையை விட்டு இறங்கும் முன் அது இரண்டு நிமிட வேலை.

தோட்டா இல்லாமல், பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு பையில் வைத்து எடுத்து வாருங்கள். உரிமமும் பில்லும் சட்டைப் பையில் இருக்கட்டும். நேராக வீட்டுக்கு வாருங்கள். உறவினர் வீட்டில் காட்டிவிட்டுப் போகும் வழக்கம் வேண்டாம். அதன்பின் தாமதிக்காமல் கலெக்டர் அலுவலகத்தில் துப்பாக்கியையும் பில்லையும் காட்டிப் பதிவு செய்யுங்கள். காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள்.

நம் ஊர்ச் சாலைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துப்பூர்வ முன் அனுமதி வேண்டும் என்பது வன உயிரினச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் சாலை காட்டுக்குள் போகிறது. “லைசென்ஸ் இருக்கிறது, தற்காப்புக்குத்தான்” என்ற பதில் சோதனைச் சாவடியில் எடுபடாது. காட்டுப் பாதைப் பயணம் என்றால் ரிவால்வர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

10. முதல் ஆண்டு

உறையில் வைத்துப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்ப் பக்கத்து மார்கழிப் பனியும் மழைக்கால ஈரமும் தோலில் ஊறி நிற்கும். என் உறவினர் ஒருவர் தோல் உறையோடு மூன்று மாதம் வைத்துவிட்டு எடுத்தார். உறையின் தையல் எங்கெல்லாம் இரும்பைத் தொட்டதோ அங்கெல்லாம் தையல் தையலாகத் துரு. குழலின் பக்கவாட்டில் ஊசி குத்திய புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பையோடு வையுங்கள். தோல் உறை வெளியே தொங்கட்டும்.

சுட்ட அன்றே சுத்தம் செய்யுங்கள். சிலிண்டரின் முன்முகமும் குழலின் பின் விளிம்பும்தான் கரி பிடிக்கும் இடங்கள். குழலின் உள்ளே மட்டும் தேய்த்துவிட்டு இவற்றை விடுபவர்கள் ஆறே மாதத்தில் சிலிண்டர் இறுகுகிறது என்று வருகிறார்கள். எண்ணெயைத் துளியாக விடுங்கள். அதிக எண்ணெய் தோட்டாவின் அடிமூடியில் இறங்கினால் அது வெடிக்காமல் போகும்.

திருமணம், திருவிழா, கோயில் கொடை எதிலும் வானத்தைப் பார்த்துச் சுடாதீர்கள், யார் கேட்டாலும். பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி கொண்டாட்டத்தில் சுடுவதற்கு 2019 திருத்தத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தனியாகவே எழுதிவிட்டார்கள். மேலே போன குண்டு எங்கோ ஒரு கூரையில்தான் இறங்கும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரலாம். துப்பாக்கியின் எண்ணோடும் அதன் நிலையோடும் ரசீது கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் முன் சுத்தம் செய்து லேசாக எண்ணெய் தடவுங்கள். திரும்பி வரும் வரை யாரும் அதைத் துடைக்கப் போவதில்லை. வீடு மாறினால் உரிம அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். உரிமம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிப்பு வேலையைத் தொடங்குங்கள்; மருத்துவச் சான்றுக்கே சில நாள் பிடிக்கும்.

தோட்டாவுக்கு ஒரு நோட்டு வையுங்கள். வாங்கிய தேதி, பில் எண், எத்தனை, எந்தக் களத்தில் எத்தனை சுட்டது, மிச்சம் எத்தனை. மாந்தோப்புக்காரர் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார். சுடாமல் நின்றுவிட்ட தோட்டாவைக்கூடத் தனி வரியில் குறித்து, அதைக் களப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்த தேதியையும் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அந்த நோட்டு உரிமப் புத்தகத்தோடு ஒரே உறையில் இருக்கட்டும்.